பின்பலகையை நாமே திறந்து காட்டுவோம்

அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை கொண்டுவரும் அண்ணன்மார்களுக்கும், வாங்கிப் போகும் நண்பர்களுக்கும், இடையில் நின்று விலை முடித்துக் கொடுக்கும் தரகர்களுக்கும், இத்தனை பேருக்கும் வண்டி ஓட்டும் டிரைவர் தம்பிகளுக்கும் இந்த மடல்.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு நீங்கள் எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நுக்ரா என்று வடக்கிலிருந்து வந்த இனங்களும், நம் லாயங்களிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகளும் லாரியிலும் பிக்கப்பிலும் குட்டி யானையிலும் ஏறி வரும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்லப்படும் சந்தை இது. அதன் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேச வந்தது சந்தைத் திடலைப் பற்றி அல்ல. திடலுக்கு வருகிற வழியையும் திடலிலிருந்து திரும்புகிற வழியையும் பற்றி.

ஒவ்வோர் ஆடியிலும் டீக்கடைப் பெஞ்சில் நீங்கள் சொல்லும் குறை எனக்கு மனப்பாடம். "வழிநெடுக நிறுத்தறாங்க. ஆர்.சி. கேக்கறாங்க, இன்சூரன்ஸ் கேக்கறாங்க, எல்லாத்தையும் காட்டினா குதிரைக்கு என்ன பேப்பர் வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. என்ன பேப்பருன்னு திருப்பிக் கேட்டா அவங்களுக்கும் சொல்லத் தெரியறதில்ல. கடைசில கையில எதையாவது குடுத்துட்டுத்தான் வர வேண்டியிருக்கு." இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பாதிதான் நியாயம். மீதிப் பாதியை உங்களிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு சோதனைச்சாவடியில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு சின்ன வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். பின்னால் இரண்டு குதிரைகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. நடுவில் தடுப்பு என்று எதுவும் இல்லை. இரண்டின் தலையையும் கேபினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில், கழுத்தைச் சாய்க்கவே முடியாதபடி சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் குதிரையின் முட்டியில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. தரை முழுக்க மூத்திரம். வண்டி நின்ற பிறகும் அந்தப் பெட்டை நான்கு கால்களையும் அகட்டி, உடம்பை இறுக்கிக்கொண்டே நின்றது. வண்டி இன்னும் ஓடுகிறது என்றே அது நினைத்திருக்க வேண்டும். காவலர் டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்று ஆர்.சி. புக்கைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், இன்சூரன்ஸ் தேதியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. போகலாம் என்று கையைக் காட்டினார். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை.

அன்று டிரைவருக்கு நிம்மதி, காவலருக்கும் வேலை முடிந்தது. குதிரைக்கு என்ன கிடைத்தது? ஒரு சோதனையால் பயன் பெற வேண்டிய உயிர் அந்த வண்டியில் எதுவோ, அதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நம்மை நிறுத்துகிறார்கள் என்பது நம் புகார். நிறுத்தியும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்பது என் புகார்.

குதிரை வாங்கும்போது நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் சுழி, கழுத்தில் சுழி, வயிற்றுக்கடியில் சுழி என்று ஒன்று விடாமல் பார்ப்பீர்கள். வாயைப் பிளந்து பல்லைப் பிடித்து வயது சொல்வீர்கள். குளம்பைத் தூக்கி விரலால் தட்டுவீர்கள். நடக்கவிட்டு, ஓடவிட்டு, திருப்பிவிட்டுப் பார்ப்பீர்கள். பிறகு துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசி, லட்சங்களை எண்ணிக் கொடுப்பீர்கள். அவ்வளவும் பார்த்து வாங்கிய குதிரையை ஏற்றப்போகும் வண்டியின் தரையை எத்தனை பேர் குனிந்து பார்க்கிறீர்கள்? வாடகை எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதையாவது கேட்கிறீர்களா?

இனி சட்டத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் 1978ஆம் ஆண்டில் வந்தவை. அதில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அதில் முதலில் வருவதே, "குதிரைக்கு என்ன பேப்பர்?" என்ற கேள்விக்கான பதில்தான். குதிரை பயணம் செய்யத் தகுந்த நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் ஒவ்வொரு சுமையோடும் போக வேண்டும். அதற்கடுத்த வரியை டிரைவர் தம்பிகள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால், ஏற்றிச் செல்கிறவர் சுமையை ஏற்க மறுக்க வேண்டும் என்கிறது விதி. மறுக்கலாம் என்றுகூட இல்லை, மறுக்க வேண்டும்.

தம்பிகளே, இந்த வரி உங்களுக்காக எழுதப்பட்டது. முதலாளி அவசரப்படுத்துவார், தரகர் தோளில் கைபோட்டு "பார்த்துக்கலாம் வா" என்பார். வழியில் மாட்டினால் வண்டியோடு நிற்பது நீங்கள். குதிரைக்காரர் காரில் முன்னால் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கும்போது, அதை ஏன் யாரோ ஒருவர் தரும் கூடுதல் வாடகைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

2001இல் இந்த விதிகளில் இன்னும் சில சேர்ந்தன. நோயுற்றது, நொண்டுவது, கண் தெரியாதது, மெலிந்து களைத்துப் போனது, புதிதாகப் பிறந்தது இவை எவற்றையும் ஏற்றக் கூடாது. குட்டி போட்டு 72 மணி நேரம் ஆகாத தாயையும், வழியிலேயே குட்டி போடக்கூடிய நிலையில் இருப்பதையும் ஏற்றக் கூடாது. சினைக் குதிரையையும் சிறு குட்டிகளையும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இதெல்லாம் சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலே நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயங்கள். ஆனால் சந்தை முடிகிற கடைசி நாளில், விற்காமல் போனதையும் வாங்கியதையும் ஒரே வண்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில், தெரிந்த விஷயமெல்லாம் எங்கே போய்விடுகிறது?

வண்டியின் அளவைப் பற்றிப் பேச வேண்டும். மோட்டார் வாகன விதிகளில், 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு பிரிவு இருக்கிறது. கால்நடை ஏற்றும் வண்டிக்குள் நிரந்தரத் தடுப்புகள் இருக்க வேண்டும், ஒவ்வொரு விலங்கும் தனித்தனித் தடுப்புக்குள் நிற்க வேண்டும். குதிரைக்கு அந்த இடம் 2.25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் ஏறத்தாழ 24 சதுர அடி, அதாவது எட்டடிக்கு மூன்றடி. அந்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதற்கென்று தனி உரிமமும் வாங்க வேண்டும்.

குட்டி யானை வண்டியின் பின்பகுதி ஏழடிச் சொச்சம் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். மொத்தமாகக் கூட்டினாலும் 36 சதுர அடியைத் தாண்டாது. ஒரு குதிரைக்கு 24 என்றால் இரண்டுக்கு 48. இந்தக் கணக்குப் போட யாரும் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு குதிரையை அதில் ஏற்றுகிறபோது, ஒன்றின் இடத்தைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம். இரண்டாவது நடைக்கான டீசல் காசை மிச்சப்படுத்தத்தான் இவ்வளவும்.

பெரிய லாரி என்றாலும் நான்கிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் கூடாது. 1978ஆம் ஆண்டின் பழைய விதி இன்னும் சில விவரங்களைச் சொல்கிறது. தரையில் வழுக்காத விரிப்பு போட வேண்டும். பக்கவாட்டுப் பலகை தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூங்கில், பின்னால் சரிந்து விழாமலிருக்க இரண்டு கனத்த கட்டைகள். கூடவே பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தலை இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஏன் இடப்பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே வரும் வண்டிகளும், முந்திக்கொண்டு போகிற பஸ்ஸும் நமக்கு வலப்பக்கம். ராத்திரியில் அந்த விளக்கும் ஏர் ஹாரனும் நேராகக் குதிரையின் முகத்தில் அறையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த விதியை எழுதியவர் எவரோ, குதிரையின் பயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தரையைப் பற்றி ஒரு சொல். இரும்புத் தகட்டின்மேல் மூத்திரமும் சாணமும் சேர்ந்தால் லாடம் அடித்த குளம்பு நிற்காது. தென்னைநார் விரிப்போ, மணலோ, குறுக்கே அடித்த மரச் சட்டமோ, அதற்குமேல் வைக்கோலோ போட ஆகும் செலவு, நீங்கள் குதிரையின் கழுத்தில் கட்டும் மணிக்கும் குஞ்சத்துக்கும் ஆகும் செலவைவிடக் குறைவு.

இப்போது, இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தலைக்கயிறு. ஆடக் கூடாது, கடிக்கக் கூடாது என்று தலையை உயர்த்தி இறுக்கிக் கட்டுகிறோம். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயால் அதற்கு மூச்சுவிட முடியாது. வெளியில் மேயும்போது நாள் முழுக்கத் தலை கீழேதான் இருக்கிறது. தூசியும் சளியும் மூச்சுக்குழலிலிருந்து தானே வடிந்து வெளியே வந்துவிடும். தலையை மணிக்கணக்கில் தூக்கிக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. வைக்கோல் தூசி, டீசல் புகை, மூத்திரத்தின் நெடி எல்லாம் உள்ளேயே தங்குகிறது. கிருமி நுரையீரலுக்கு இறங்குகிறது. ஊர் போய்ச் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் கழித்துக் குதிரை தீனி எடுக்காது, தலையைத் தொங்கப் போடும், காய்ச்சல் அடிக்கும். "கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போடுவோம். "வித்தவன் ஏமாத்திட்டான்" என்று தரகரோடு சண்டைக்குப் போவோம். கால்நடை மருத்துவர்கள் இதைப் பயணக் காய்ச்சல் என்கிறார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துச் செத்துப்போகிற அளவுக்கும் இது போகும்.

கயிறு தாராளமாக இருக்கட்டும். காலில் சிக்காத அளவு, ஆனால் தலையைத் தாழ்த்த முடிகிற அளவு. இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தலையைக் கீழே விடுங்கள். வீட்டுத் தண்ணீரையே கேனில் பிடித்துக்கொண்டு போங்கள். முன்பின் அறியாத தண்ணீரைப் பல குதிரைகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். தண்ணீர் குடிக்காமல் கொள்ளை மட்டும் தின்றுவிட்டுப் போகும் குதிரைக்குத்தான் வயிற்று வலி வருகிறது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் ஏற்றுவதற்கு முன் கொள்ளைக் குறைத்துப் புல்லையும் தண்ணீரையும் கொடுங்கள். போய் இறங்கியபின் மூன்று நாள் காலையிலும் மாலையிலும் உடல் சூடு பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். மந்திரிக்கிறவரை அப்புறம் கூப்பிடலாம்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். விதியில் சொல்லியிருப்பது மணிக்கு 35 கிலோமீட்டர். "பைபாஸ்ல முப்பத்தஞ்சுல போனா பின்னாடி வர்றவன் ஏத்திட்டுப் போயிருவான்" என்று ஒரு டிரைவர் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. 1978இல் இருந்த சாலை வேறு, இன்றைய நான்கு வழிச் சாலை வேறு. அந்த எண்ணை மறுபடி பார்க்கச் சொல்லி நாம் அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாறும்வரை சட்டம் அதுதான். அந்த வேகத்தில் 200 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரம் பிடிக்கும் என்று தெரிந்தே பயணத்தைத் திட்டமிடுங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், பழைய ஊர்ச்சாலை இருக்கும் இடத்தில் அதில் போங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். வளைவு வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது. பிரேக் போடப் போகிறோம் என்று உங்கள் காலுக்குத் தெரியும், அதன் காலுக்குத் தெரியாது. பர்கூர் மலைப்பாதையில் ஒரு தடவை, டிரைவர் சீட்டில் இல்லாமல் பின்னால் குதிரையோடு நின்றுகொண்டு வந்து பாருங்கள். அதன்பிறகு உங்கள் கால் தானாகவே மெதுவாகும்.

நோய்க்கு வருகிறேன். சான்றிதழ் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய். மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகும், தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பி உடைந்து புண்ணாகும். வெளியில் எதுவுமே தெரியாமல் உள்ளுக்குள் நோயைச் சுமக்கிற குதிரையும் உண்டு. தடுப்பூசி கிடையாது. குதிரையிடமிருந்து மனிதருக்கும் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது அறிவிக்கப்பட்ட நோய். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலை செய்வதைத் தவிர வழியில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாட்டில் குதிரைகளுக்கென்று அரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

சந்தையில் ஒரே தொட்டியில் எத்தனை குதிரை வாய் வைக்கிறது? ஒரே வண்டியைக் கழுவாமல் எத்தனை நடை ஓட்டுகிறோம்? 2008இல் வைஷ்ணவி தேவி கோயிலுக்கு ஏறும் கட்ராவில் குதிரை ஃப்ளூ காய்ச்சல் என்ற இன்னொரு தொற்றுநோய் வெடித்தது. அங்கேயே நின்றுவிடவில்லை. ஏற்றிச் சென்ற குதிரைகளோடு சேர்ந்து மாநிலம் மாநிலமாகப் பரவியது. 2025 மே மாதம் கேதார்நாத் பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அடுத்தடுத்துச் செத்து விழுந்தபோது, அவற்றை யாத்திரைக்குப் பயன்படுத்துவதை அரசு நிறுத்தி வைத்தது. அவற்றை நம்பிப் பிழைக்கிறவர்களின் அடுப்பு என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒரு நோய் அந்தியூர்த் திடலில் வந்தால் ஒருவர் குதிரையோடு போகாது. அடுத்த ஆடிக்குச் சந்தை கூடுமா என்பதே கேள்வியாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், வழியில் நிறுத்திச் சான்றிதழ் கேட்பவர், பக்கத்தில் கட்டப்போகும் குதிரையிடமிருந்து உங்கள் குதிரையைக் காப்பாற்றுகிறார்.

பிடித்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. துன்புறும்படி ஏற்றிச் செல்வது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றும் அதேதான். இதைக் கேட்டு உங்களில் சிலர் சிரிப்பீர்கள். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஓர் உயிரின் வலிக்கு இந்த நாடு இன்னும் இந்த விலையைத்தான் வைத்திருக்கிறது என்பதில் வருத்தம்தான் வருகிறது. ஆனால் அபராதம் சின்னது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தக் காவல் அலுவலரும், குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், குதிரையைக் கைப்பற்றி மருத்துவரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுபோகலாம். வழக்கு முடியும்வரை அது காப்பகத்தில் நிற்கும். அங்கே தீனிக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு வண்டிக்காரர், அனுப்பியவர், வாங்கியவர், தரகர் எல்லார் தலையிலும் சேர்ந்து விழும். 2017இல் வந்த விதி இது. தரகு வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைக்கும் அண்ணன்மார்கள், செலவு யார் தலையில் விழும் என்ற வரியை இன்னொரு முறை படியுங்கள்.

"எங்க தாத்தா காலத்துல எந்தச் சர்டிபிகேட்டு இருந்துச்சு?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா குதிரையை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் ஊராகத் தங்கி, குளத்தில் தண்ணீர் காட்டி, புளியமரத்தடியில் கட்டி, களைப்பு தெரிந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி வந்தார். அவர் காலோடு சேர்ந்து அதன் காலும் வலித்தது. நாம் அதை இரும்புப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டு முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறோம். அது படும் பாடு நம் உடம்புக்குத் தெரிய வழியில்லை. தாத்தாவுக்குச் சான்றிதழ் தேவைப்படாததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. சான்றிதழ் வாங்க எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விலை முடிந்தால் ராத்திரிக்குள் மருத்துவரை எங்கே தேடுவது? ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகிறதே, அதுவரை குதிரையை யார் வீட்டில் கட்டுவது? குதிரையைத் தொட்டே பார்த்திராத மருத்துவர்களும் இருக்கிறார்கள். தடுப்பு வைத்த வண்டி வாடகைக்குக் கிடைப்பதில்லை, வைக்கலாம் என்றால் வழிகாட்ட ஆளில்லை. சாவடியில் நிற்பவருக்கே விதி தெரியாதபோது நம்மை மட்டும் குற்றம் சொல்லலாமா? இத்தனையும் உண்மை. ஆனால் இந்தக் குறைகளை நாம் டீக்கடையில் சொல்கிறோம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதில்லை. சாவடியில் மடித்துக் கொடுக்கும் நோட்டு நம் வாயையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. லஞ்சம் கொடுத்தவர் போய் எந்த அதிகாரியிடம் என்ன குறை சொல்ல முடியும்? கையில் சரியான தாளும் வண்டியில் சரியான தடுப்பும் இருக்கிறவருக்குத்தான் நிமிர்ந்து நின்று கேட்கும் தெம்பு வரும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

குதிரை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, கிளம்புவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், ஆடி பிறந்தபின் ஓடாதீர்கள். கிளம்புகிற நேரத்தை ஒட்டி மருத்துவரை அழைத்துக் குதிரையைக் காட்டி, எத்தனை குதிரை, என்ன நிறம், எங்கிருந்து எங்கே என்ற விவரத்தோடு சான்றிதழ் வாங்குங்கள். அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, போன் எண், எத்தனை குதிரை, எவ்வளவு தீனி இருக்கிறது என்பதைச் சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி வண்டியில் ஒட்டச் சொல்கிறது விதி. அதைச் செய்யுங்கள். வழியில் விபத்து ஒன்று நடந்து டிரைவர் பேச முடியாமல் கிடந்தால், அந்தத் தாள்தான் உங்களுக்குத் தகவல் சொல்லும். முதலுதவிப் பெட்டி ஒன்றும் கூடவே போகட்டும்.

தரகர் அண்ணன்மார்களே, விலை முடிக்கும்போதே வண்டியையும் பேசி முடியுங்கள். "குதிரை கைமாறிடுச்சு, இனி அவங்க பாடு" என்று விடாதீர்கள். ஏறாத குதிரையின் காதைத் திருகுவதையும், பின்னங்காலில் கம்பால் அடிப்பதையும் உங்கள் கண்முன் நடக்க விடாதீர்கள். அடங்காத குதிரைக்கு மருந்து கொடுத்து அமைதிப்படுத்த விதியிலேயே இடம் இருக்கிறது, அதை மருத்துவர் செய்யட்டும்.

டிரைவர் தம்பிகளே, தாள் இல்லாத குதிரையை ஏற்ற மாட்டோம் என்று சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். சோதனைச்சாவடியில் நிறுத்தினால், ஆர்.சி. புக்கை நீட்டுவதற்கு முன் கீழே இறங்குங்கள். "சார், பின்னாடி வந்து குதிரையைப் பாருங்க" என்று நீங்களே கூட்டிப் போய்ப் பின்பலகையைத் திறந்து காட்டுங்கள். சான்றிதழை அங்கே வைத்துக் கொடுங்கள். வண்டியை வெயிலில் நிறுத்திவைத்தால், நிழலுக்கு நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அது குதிரைக்காகக் கேட்பது, அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

கடைசியாக எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியது. மாவட்ட ஆட்சியருக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் நான்கு கோரிக்கைகள். சந்தை நடக்கும் எல்லா நாட்களிலும், இரவு உட்பட, திடலிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சந்தைக்கு முன்பே ரத்த மாதிரி எடுக்க ஒன்றியம்தோறும் முகாம் நடத்த வேண்டும். குதிரையை ஏற்றவும் இறக்கவும் திடலின் ஓரத்தில் லாரித் தட்டின் உயரத்துக்குச் சரிவான மண்மேடு போட்டுத் தர வேண்டும். சரிவுமேடை இல்லாத இடத்தில் அப்போதைக்கு அமைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது, நான்கு டிப்பர் மண் போதும். அந்தியூரிலிருந்து பிரியும் சாலைகளில் அந்த நாட்களில் நிற்கும் காவலர்களுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் குதிரை ஏற்றும் விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், தாளோடு சேர்த்துக் குதிரையையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

இந்த மனுவில் உங்கள் கையெழுத்து வேண்டும். குதிரை வைத்திருப்பவர் மட்டும் போட்டால் போதாது, டிரைவரும் தரகரும் போட வேண்டும். ஆனி முடிவதற்குள் கொடுத்தால்தான் இந்த ஆடிக்கு ஏதாவது நடக்கும். உங்கள் ஊரில் லாயம் வைத்திருப்பவர்களிடம் சொல்லி, பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். மனு கொடுக்கும் நாளில் உங்களில் முடிந்தவர்கள் ஈரோட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் உங்களில் ஒருவன்